வீட்டுக்கு எந்த அளவு கணப்பு அடுப்பு?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 'ஒரு ஏக்கரில் கேரட்டும் பூண்டும் போடுகிறோம். தகரக் கூரை வீடு. உள்ளே பிளைவுட் சீலிங் அடித்திருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. ராத்திரியில் கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டுதான் படுக்கிறோம். சென்ற வாரம் ஒருநாள் விடியற்காலையில் மாமியாருக்கும் சின்னப் பையனுக்கும் தலைவலி, வாந்தி. கதவைத் திறந்துவிட்டதும் சரியாகிவிட்டது. புகைக்குழாய் வைத்த இரும்பு அடுப்பு செய்துகொள்ளலாம் என்று பட்டறையில் விசாரித்தோம். ''பெரிதாகவே செய்துகொள்ளுங்கள், வீடு முழுக்கச் சூடு கிடைக்கும்'' என்கிறார்கள். இரண்டடி விறகு போடும் அளவில் விலை சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா?'

- வாசகி, உதகை வட்டம், நீலகிரி மாவட்டம்.

பதில்: அடுப்பு செய்வது இருக்கட்டும். இன்று ராத்திரியே கரிச் சட்டியைப் படுக்கை அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மாமியாருக்கும் பையனுக்கும் வந்தது சாதாரணத் தலைவலி அல்ல. மூடிய அறையில் கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளியேறும். அதற்கு நிறம் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வரும். தூக்கத்தில் இருப்பவருக்கு இவை தெரியாமலேயே மயக்கமாகி உயிர் போய்விடும். விறகு புகைந்தால் கண் எரிந்து எழுந்துவிடுவோம். கரியில் புகை இல்லாததால் 'இது ஒன்றும் செய்யாது' என்று நம்பிவிடுகிறோம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படிக் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இறந்துபோயிருக்கிறார்கள். மறுபடியும் யாருக்காவது இதுபோல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-க்குப் போன் செய்யுங்கள். 'சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

புகைக்குழாய் வைத்த அடுப்புக்கு மாறுவது நல்ல முடிவு. காஷ்மீரில் 'புகாரி' என்று வீட்டுக்கு வீடு வைத்திருப்பது இதே வகைதான். ஆனால், பட்டறையில் சொல்லும் 'பெரிதாகவே செய்யுங்கள்' என்ற யோசனையை ஏற்கவேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது அடுப்புக்கும் பொருந்தும்.

பெரிய அடுப்பு ஏன் கூடாது?

பெரிய அடுப்பில் விறகை நிறையப் போட்டு நன்றாக எரியவிட்டால், அரை மணி நேரத்தில் அறை தாங்க முடியாத சூடாகிவிடும். உடனே காற்று வழியை மூடி நெருப்பை அடக்குவீர்கள். காற்று கிடைக்காத விறகு எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகை குளிர்ந்த குழாய்க்குள் போய்த் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் குழாயின் துவாரம் சுருங்கி, புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். ஒருநாள் நெருப்பு கொஞ்சம் வேகமாக எரிந்தால், அந்தத் தாரே தீப்பிடித்துக்கொள்ளும். குழாய்க்குள் பிடிக்கும் தீ, பிளைவுட் சீலிங்குக்கும் கூரை மரத்துக்கும் தாவ நேரம் ஆகாது. இதுபோக, பாதி எரிந்தும் எரியாமலும் போகும் விறகு உங்களுக்கு நஷ்டம்.

தேவைக்குச் சின்னதாக வாங்கினாலும் சிக்கல் உண்டு. சூடு போதவில்லை என்று விறகைத் திணித்துக்கொண்டே இருப்பீர்கள். தகடு சிவக்கக் காய்ந்து, வளைந்து, வெல்டிங் விட்டுப்போகும். அளவான அடுப்பு என்பது, காற்று வழியை ஓரளவு திறந்துவைத்து, மஞ்சள் சுடர் தெரிய எரியும்போதே அறைக்குப் போதுமான சூடு தருவதுதான்.

கணக்கு போடுவது எப்படி?

அடுப்பு தரும் சூட்டைக் கிலோவாட்டில் சொல்வார்கள். கடைகளில் விற்கும் 2,000 வாட் மின்சார ஹீட்டர் 2 கிலோவாட் சூடு தருகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சூடு தேவைப்படும் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவது கனஅடி. அதை வீட்டின் தன்மைக்கு ஏற்ப வகுக்க வேண்டும்.

• வெறும் தகரக் கூரை, ஓட்டை ஒடிசல், காற்று புகும் கதவு, ஜன்னல் என்றால் 350-ஆல் வகுக்கவும்.

• சீலிங் உண்டு, கதவு, ஜன்னல்கள் ஓரளவு பொருந்தி மூடுகின்றன என்றால் 500-ஆல் வகுக்கவும்.

• கெட்டியான சீலிங், தடித்த சுவர், எங்கும் சந்து இல்லை என்றால் 700-ஆல் வகுக்கவும்.

உதாரணத்துக்கு, 14 அடி நீளம், 12 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஹால் 1,512 கனஅடி. பக்கத்தில் 10-க்கு 10 படுக்கை அறை 900 கனஅடி. இரண்டுக்கும் நடுவில் கதவைத் திறந்துவைத்தால் மொத்தம் 2,412 கனஅடி. 350-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7 கிலோவாட். 500-ஆல் வகுத்தால் 5 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. வீடு அதேதான். சந்துகளை அடைத்ததில் மட்டும் 2 கிலோவாட் மிச்சம். அதனால் அடுப்புக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கதவின் அடியில் உள்ள இடைவெளி, ஜன்னல் சட்டம், சுவரும் கூரையும் சேரும் இடம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். தடிமனான திரை போடுங்கள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால், சீலிங்கில் உள்ள ஓட்டைதான் முதல் எதிரி.

இன்னொரு விஷயம். இந்தக் கணக்கு, வெளியே பூஜ்யம் டிகிரி, உள்ளே 20 டிகிரி என்ற அளவுக்கானது. நீலகிரியில் உறைபனி விழும் சில ராத்திரிகளில்தான் பூஜ்யத்தை ஒட்டிப் போகிறது. வெளியே 8 டிகிரி இருக்கும் ராத்திரியில், உள்ளே 18 டிகிரி போதும் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சூடே தேவை. ஆகவே, இரண்டு அளவுக்கு நடுவில் குழப்பம் வந்தால் சின்னதையே எடுங்கள். மிகக் குளிரான பத்துப் பதினைந்து நாட்களுக்குக் கூடுதலாக ஒரு கம்பளி போதும்.

கணக்கில் நம்பிக்கை வராவிட்டால் சோதித்தே பார்க்கலாம். தெரிந்தவர்களிடம் 2,000 வாட் ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, குளிரான ஒருநாள் மாலை 6 மணிக்கு ஹாலில் போடுங்கள். அது சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் மாட்ட வேண்டும். 8 மணிக்கு அறை இதமாக இருந்தால் 3 கிலோவாட் அடுப்பே தாராளம். சூடு பாதிதான் ஏறியது என்றால் 4 முதல் 5 கிலோவாட்.

பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

பட்டறைக்காரருக்குக் கிலோவாட் கணக்கு தெரியாமல் இருக்கலாம். விறகு அளவில் சொல்லுங்கள். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் சூடு இருக்கிறது. நல்ல மூடிய அடுப்பு அதில் 70 சதவிகிதம் வரை, அதாவது 2.8 யூனிட் அளவுக்கு அறைக்குக் கொடுக்கும். 5 கிலோவாட் அடுப்பு முழுவேகத்தில் எரிந்தால் மணிக்கு 1.8 கிலோ விறகு கேட்கும். ஒரு தடவை ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு, அதாவது 10 முதல் 12 அங்குல நீளத்தில் இரண்டு மூன்று பிளவு கொள்ளும் அறை இருந்தால் போதும். உட்புறம் 14 அங்குல அகலம், 10 அங்குல ஆழம், 12 அங்குல உயரம் சரியாக இருக்கும். உங்களுக்கு விலை சொன்ன இரண்டடி அடுப்பு இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேலை செய்யக்கூடியது. அது உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

தகடு 5 மி.மீ. தடிமனுக்குக் குறையக்கூடாது. உள்ளே பக்கவாட்டில் தீச்செங்கல் பதிக்கச் சொல்லுங்கள். சுடர் நேராகக் குழாய்க்குள் ஓடாமல் இருக்க, மேலே குறுக்காக ஒரு தடுப்புத் தகடு வேண்டும். கதவு காற்றுப் புகாமல் மூட வேண்டும். காற்று வழி, திறந்து மூடும்படி தனியாக இருக்க வேண்டும்.

பழைய பங்களாக்களில் உள்ள திறந்த கணப்பைப் பார்த்து அதுபோலக் கட்டலாமா என்று சிலர் யோசிப்பது உண்டு. அதில் விறகின் சூட்டில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். அறைக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம்.

குழாயில்தான் உயிர் இருக்கிறது

• 5 கிலோவாட் அடுப்புக்கு 5 அங்குலக் குழாய் போதும். அடுப்பின் வாயைவிடக் குழாய் எங்கேயும் சிறுக்கக் கூடாது.

• அடுப்பின் தலையிலிருந்து குழாயின் முனைவரை 15 அடி உயரம் இருந்தால் நன்றாக இழுக்கும். கூரையைத் துளைத்து வெளியே வந்தபிறகு குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடி சுற்றளவுக்குள் இருக்கும் கூரை முகட்டைவிட 2 அடியாவது மேலே நிற்க வேண்டும்.

• ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரம், பிளைவுட்டுக்கும் நடுவே 18 அங்குல இடைவெளி தேவை. சீலிங்கைத் துளைக்கும் இடத்தில் இரட்டைச் சுவர்க் குழாய் போட்டு, நடுவில் ராக்வுல் அடைக்க வேண்டும். இந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

• அடுப்பு நிற்கும் இடத்திலும், கதவுக்கு முன்னால் ஒன்றரை அடிக்கும் கல் அல்லது சிமென்ட் தளம் வேண்டும்.

• எரியும் நெருப்புக்குக் காற்று வேண்டும். கதவு, ஜன்னல் சந்துகளை அடைத்தபிறகு, உள்ளங்கை அளவுக்கு ஒரு காற்றுத் துவாரத்தை அடுப்பின் அருகில் நிரந்தரமாக விட்டுவையுங்கள். அதில் துணி செருகக் கூடாது.

• பருவத்துக்கு இருமுறை குழாயைப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். கனல் இருக்கும்வரை குழாய் வழியை மூடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கடைகளில் கிடைக்கிறது. பேட்டரியில் ஓடும். படுக்கை அறையில் ஒன்று மாட்டிவையுங்கள். அடுப்புக்குச் செலவு செய்பவர்கள் இதையும் சேர்த்தே கணக்கு போட வேண்டும்.

*

கேள்வி: 'தோட்டத்தில் சாய்ந்த கற்பூர மரமும் சீகை மரமும் இருக்கின்றன. உடனே வெட்டி எரிக்கலாமா? தேயிலைக் கவாத்து மிளாரும் குவிந்து கிடக்கிறது.'

- வாசகர், கோத்தகிரி.

பதில்: பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகும். குழாயில் தார் படிவதற்கும் ஈர விறகுதான் முக்கியக் காரணம். ஜனவரி, பிப்ரவரியில் வெட்டி, 4 அங்குலத் தடிமனுக்குப் பிளந்து, பக்கம் திறந்த கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்குங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் கிடைக்கும் வெயிலை விட்டுவிட்டால் அந்த வருடம் விறகு காயாது. காய்ந்ததா என்று அறிய, ஒரு துண்டில் அடையாளம் வைத்து வாரம் ஒருமுறை தராசில் போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சீகையும் கற்பூர மரமும் கனமான விறகு, நின்று எரியும். சில்வர் ஓக் லேசானது, சீக்கிரம் எரிந்துவிடும். கவாத்து மிளாரைக் காயவைத்து, பற்றவைக்கப் பயன்படுத்தலாம். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் துண்டு, பிளாஸ்டிக் எதையும் போடாதீர்கள்.

சொந்த நிலத்து மரமாக இருந்தாலும், மலைப் பகுதியில் 1955-ம் ஆண்டின் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வெட்டுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: 'கணப்பு அடுப்புச் சாம்பலைப் பூண்டுக்குப் போடலாமா?'

- வாசகர், பூம்பாறை, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: போடலாம். விறகுச் சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. மலை மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது என்பதால், அதைக் குறைக்கவும் உதவும். மண் பரிசோதனை செய்து, புளிப்பு அதிகம் என்றால் கடைசி உழவில் மெலிதாகத் தூவுங்கள். உருளைக்கிழங்கு போடப்போகும் பாத்திக்கு வேண்டாம். மண்ணின் புளிப்பு குறைந்தால் கிழங்கில் சொறி நோய் கூடும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் ஏற்றது என்பதால் அதற்கும் தேவையில்லை. யூரியாவுடன் கலந்து போட்டால் தழைச்சத்து அமோனியாவாக ஆவியாகிவிடும். சாம்பலுக்குள் கனல் இரண்டு மூன்று நாள்வரை உயிரோடு இருக்கும். அடுப்பிலிருந்து எடுத்ததும் மூடி போட்ட தகர டின்னில் கொட்டி, வீட்டுக்கு வெளியே கல்மேல் வையுங்கள். சாக்கில் கட்டித் திண்ணையில் வைக்க வேண்டாம்.