முதலில் தண்டவாளத்தை அழுக்காக்குங்கள்!

மாடல் ரயில் என்றால் சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றும் பொம்மைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் கதை வேறு. அங்கே பேரன் எடுத்தவர்கள்கூட வீட்டின் நிலவறையில் ஒரு மலைத்தொடரையே கட்டி, அதில் பாலம் போட்டு, ஸ்டேஷன் வைத்து, நேர அட்டவணைப்படி ரயில் விடுகிறார்கள். உலக அளவில் அதிகம் பேர் பயன்படுத்தும் அளவு ஹெச்.ஓ. எனப்படுவது. நிஜத்தில் 87 அடி நீளம் இருப்பது இதில் ஒரே அடி. 1435 மி.மீ. அகலமுள்ள நிஜப் பாதை இங்கே 16.5 மி.மீ.

இந்தப் பொழுதுபோக்கில் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். இன்ஜின் வாங்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கைப்பிடிக் கம்பி ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் அதற்கு ஒரு சண்டையே நடக்கும். ஆனால் அத்தனை நுணுக்கமான இன்ஜின் எதன் மேல் ஓடுகிறது? பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிய தண்டவாளத்தின் மேல்! வெள்ளி மாதிரிப் பளபளக்கும் கம்பி, கன்னங்கரேலென்று மின்னும் பிளாஸ்டிக் கட்டை. ஜல்லியே இருக்காது, இருந்தாலும் நீலமும் வெள்ளையும் கலந்த மீன்தொட்டிக் கல் மாதிரி ஏதோ ஒன்று.

இந்த வரிசை தலைகீழானது. ரயில் ஓர் இடத்தைக் கடக்கச் சில விநாடிகள்தான் ஆகும். தண்டவாளமோ நாள் முழுக்கக் கண்முன் கிடக்கிறது, எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது. செலவிலும் அதுதான் மலிவு. கொஞ்சம் பெயிண்ட், கொஞ்சம் கல்தூள், கொஞ்சம் பசை, நிறையப் பொறுமை. இன்னொரு இன்ஜின் வாங்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். நேர்கோட்டு முறை, குறைந்து செல் இருப்பு முறை என்று மனப்பாடம் செய்த சங்கதிதான். மாடல்காரர்கள் 'வெதரிங்' என்று சொல்வதும் அதேதான், ஆனால் எண்ணில் எழுதாமல் பெயிண்டில் எழுதுகிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே பழுப்பை ஒரே அளவில் பூசிவிட்டு 'பழசாக்கிவிட்டேன்' என்கிறார்கள். அது நேர்கோட்டு முறை! நிஜத் தண்டவாளம் அப்படித் தேய்வதில்லை. எதற்காக, எவ்வளவு, எப்படிப் பயன்பட்டதோ அதன்படிதான் அழுக்காகிறது.

ஜல்லியிலிருந்தே தொடங்கலாம். நிஜத்தில் அது அழகுக்காகக் கொட்டப்படுவதில்லை. ரயிலின் பாரத்தைக் கட்டையிலிருந்து வாங்கி மண்ணில் பரப்புகிறது, மழைநீரை வடிக்கிறது, கட்டைகளை நகராமல் பிடிக்கிறது. அதனால்தான் கூர்முனைகள் உள்ள உடைத்த கல்லாகப் போடுகிறார்கள். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று பிணையாது. சுமார் 50 மி.மீ. உள்ள ஒரு கல்லை 87-ஆல் வகுத்தால் 0.57 மி.மீ. வருகிறது. கிட்டத்தட்ட ரவை! ஆனால் கடையில் கிடைக்கும் பெரிய ரகத்தை வாங்கி ஒன்றரை மி.மீ. கல்லைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள்: 13 செ.மீ. தண்டவாளத்துக்கு நடுவே உரித்த தேங்காயைக் கொட்டிய மாதிரி.

நிறம் இன்னும் முக்கியம். ஜல்லி தூரத்திலிருந்து வருவதில்லை, ரயில்வேக்குக் கைக்கெட்டும் குவாரியிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனியின் பாதைகள் இளஞ்சிவப்பாக இருந்தன. காரணம், விஸ்கான்சின் மாநிலத்தின் ராக் ஸ்பிரிங்ஸில் கிடைத்த குவார்ட்சைட் கல். அந்தக் கம்பெனி 1995-ல் யூனியன் பசிபிக்கோடு சேர்ந்துவிட்டது. அந்தக் கம்பெனியை மாடலாகச் செய்கிறவர் சாம்பல் நிற ஜல்லி போட்டால் இன்ஜினில் எத்தனை சரியான எழுத்து இருந்தும் பயனில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் சதர்ன் ரயில்வேக்கு டெவனில் உள்ள மெல்டன் குவாரிக் கல். இன்னொன்று, நீராவிக் காலத்து யார்டுகளில் கல்லே இருக்காது. இன்ஜினிலிருந்து தள்ளிய நிலக்கரிச் சாம்பலையே பரப்பிவிடுவார்கள். மெயின் லைனில் நல்ல கல், யார்டில் கருஞ்சாம்பல். இந்த ஒரு வித்தியாசத்தைக் காட்டினாலே எது முக்கியமான பாதை, எது ஓரங்கட்டிய பாதை என்று பார்ப்பவருக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

ஒட்டும் வேலை கொஞ்சம் படுத்தும். உலர்ந்த கல்லைத் தூவி, மென்மையான பிரஷ்ஷால் கட்டைகளின் மேல் ஒரு மணிகூட நிற்காமல் தள்ள வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த தண்ணீரோ தெளித்து நனைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பசை உள்ளே இறங்காமல் உருண்டையாக நின்று கல்லை வாரிக்கொண்டு போகும். அதன் பின் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி முழுக்கத் தொடாமல் விட வேண்டும். கடைகளில் விற்கும் ஜல்லியில் ஒரு வகை வால்நட் ஓட்டைப் பொடித்துச் செய்தது. எடை இல்லாததால் நனைத்ததும் மிதக்கும். நிஜக் கல்தூள் மிதக்காது. பாயிண்டின் நகரும் பகுதியில் மட்டும் பசை போனால் அந்தப் பாயிண்டை மறந்துவிட வேண்டியதுதான்.

கம்பிக்குப் பக்கவாட்டில் பழுப்பு அடிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. பழைய வழக்கப்படி விற்கும் 'கோடு 100' கம்பியின் உயரம் 0.100 அங்குலம், அதாவது 2.54 மி.மீ. நிஜ அளவுக்குப் பெருக்கினால் 22 செ.மீ. தாண்டுகிறது. அமெரிக்காவில் கனமான கம்பி என்று பேர் வாங்கிய பென்சில்வேனியா ரயில்ரோடின் 155 பவுண்டு கம்பியே 8 அங்குலம், சுமார் 20 செ.மீ.தான்! 'கோடு 83' வாங்கினால் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். ஆனால் ஏற்கெனவே போட்டதைப் பிடுங்க வேண்டாம். பளபளப்பு போய்ப் பழுப்பு வந்ததும் தடித்த கம்பி கண்ணுக்கு ஒல்லியாகிவிடும்.

கட்டைகளிலும் அதே கணக்கு. புதிதாகப் போட்ட மரக்கட்டை கிரியோசோட் எண்ணெயில் ஊறிக் கறுப்பாக இருக்கும். வெயில் பட்டுப் பட்டு வெளிறி, சாம்பல் நிறத்துக்கு வரும். ஆக, பழசு என்றால் கறுப்பு என்று நினைப்பது நேர் எதிர். வரிசையில் நடுவே ஒன்றிரண்டு கட்டை மட்டும் கறுப்பாக இருந்தால் அவை சமீபத்தில் மாற்றப்பட்டவை. இன்ஜின் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. ரயில் பிரேக் பிடிக்கும் ஸ்டேஷன் முகப்பில் பிரேக் கட்டையின் இரும்புத்தூள் படிந்த துருநிறம். ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க இன்ஜின் தூவிய மணல். ஒவ்வொரு கறைக்கும் ஒரு ரசீது இருக்க வேண்டும். ரசீது இல்லாத கறையைப் போடாமல் இருப்பதே மேல்.

ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவின் மான்டரேயில் கட்டிய மாடல் ரயிலை இன்றும் பேசுகிறார்கள். எல்லாரும் புத்தம் புதிதாகப் பளிச்சென்று வைத்திருந்த காலத்திலேயே துருவும் தூசும் புகையும் பூசிக் காட்டியவர் அவர். 1973 ஜனவரியில் அவர் இறந்து சில நாட்களில் அது தீயில் எரிந்துபோனது. படங்கள் மட்டும் மிச்சம். அதில் குறும்பாக ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரை யார்டில் பெட்டி இழுக்கும் இன்ஜினாக ஓடவிட்டிருந்தார்! டைனோசர் ஓடியும் யாரும் அதைப் பொம்மைக் கடை என்று சொல்லவில்லை. சுற்றியுள்ள அழுக்கு அவ்வளவு நம்பும்படி இருந்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை ஏன் கெடுக்க வேண்டும்? பெட்டியோடு புதிதாக இருக்கும் இன்ஜினுக்கு மறுவிற்பனையில் நல்ல விலை, சுமாராகப் பெயிண்ட் பூசியதை யாரும் சீண்ட மாட்டார்கள். உண்மைதான். அதனால்தான் தண்டவாளத்தில் தொடங்கச் சொல்வது. வெட்டி ஒட்டிய தண்டவாளத்துக்கு எஞ்சிய மதிப்பு ஏற்கெனவே ஏறக்குறைய பூஜ்யம். கை பழகத் தோதான இடமும் அதுதான். மனம் மாறினாலும் வெள்ளைப் பசைதானே, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் இளகி, தண்டவாளம் மேலே வந்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் உண்மையை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாதத்துக்கு ஒரு ரயில் போகும் சைடிங்கில் கம்பியின் மேற்பரப்பும் துருப்பிடித்திருக்கும். மாடலில் மின்சாரம் சக்கரத்துக்கு ஏறுவது அந்த மேற்பரப்பு வழியாகத்தான். அதில் பெயிண்ட் பட்டால் இன்ஜின் நின்றுவிடும். அதனால் ஜல்லி காய்ந்ததும் மேலே மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள், கைவிடப்பட்ட பாதையிலும்கூட. இன்ஜினுக்குள்ளேயே பேட்டரி வைத்து ரேடியோவில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மேலேயும் துரு பூசிக்கொள்ளலாம்.