அறுநூறுக்கு எவ்வளவு?

மொத்த மதிப்பெண் பிள்ளையின் தகுதியைச் சொல்லிவிடும், மொத்தம் குறைந்தால் நல்ல கல்லூரி கிடைக்காது, ஆகவே எந்தப் பாடத்தில் மதிப்பெண் சரிகிறதோ அதைத் தூக்கி நிறுத்துவதே பெற்றோரின் முதல் வேலை: தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளில் இது வேதவாக்கு. தேர்வு முடிவு வரும் நாளில் உறவினர் கேட்பது 600-க்கு எவ்வளவு என்றுதான். அடுத்த வீட்டார் கேட்பதும் அதையே. எல்லாப் பாடத்திலும் ஒரே சீராக மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இந்த நம்பிக்கையால் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு மூன்று பாடங்களில் 95-ஐத் தாண்டி, மற்றவற்றில் 60-ஐ ஒட்டி நிற்கும் பிள்ளைக்கு அது நேரடியாகக் கேடு செய்கிறது. மாநிலத்தின் கல்லூரிச் சேர்க்கை விதிகளை ஒருமுறை படித்தாலே இந்த நம்பிக்கை நிற்காது. படிப்பவர்கள்தான் குறைவு.

பொறியியலில் இருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன் பிறகு பொறியியல் தரவரிசை +2 மதிப்பெண்ணைக் கொண்டே தயாராகிறது. ஆனால் மொத்தத்தைக் கொண்டு அன்று. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என்று சுருக்கப்பட்டு, 200-க்குக் கூட்டப்படுவதே கட்-ஆஃப். தமிழும் ஆங்கிலமும் நான்காவது விருப்பப் பாடமும் இந்தக் கூட்டலுக்குள் வருவதே இல்லை. இருவர் ஒரே கட்-ஆஃப் பெற்றால் முதலில் கணித மதிப்பெண்ணும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்படுகின்றன.

கணக்குக்காக இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாமவர் தமிழில் 62, ஆங்கிலத்தில் 58, கணிதத்தில் 99, இயற்பியலில் 97, வேதியியலில் 95, கணினி அறிவியலில் 78, மொத்தம் 489. இரண்டாமவர் தமிழில் 96, ஆங்கிலத்தில் 95, கணிதத்தில் 84, இயற்பியலில் 82, வேதியியலில் 86, கணினி அறிவியலில் 97, மொத்தம் 540. தெருவில் இனிப்பு வழங்கப்படுவது 540-க்குத்தான். முதலாமவரின் கட்-ஆஃபோ 195, இரண்டாமவருடையது 168. கலந்தாய்வில் முதலாமவர் முதல் சுற்றிலேயே அழைக்கப்படக்கூடியவர். இரண்டாமவரின் முறை வருவதற்குள் பெரிய கல்லூரிகளில் அதிகம் கேட்கப்படும் பாடப்பிரிவுகள் பெரும்பாலும் நிரம்பிவிடும். 51 மதிப்பெண் பின்தங்கியவர் என்று வீட்டில் தலைகுனிய வைக்கப்பட்ட பிள்ளை, சேர்க்கையின் கண்ணில் வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

கலை அறிவியல் கல்லூரிகளிலும் நிலைமை வேறில்லை. அரசுக் கல்லூரிகளின் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு மொழிப்பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை. பி.ஏ. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும் பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்துத் தனித்தனிப் பட்டியல். கணக்குப்பதிவியலில் தட்டுத்தடுமாறித் தேறிய மாணவி ஆங்கிலத்தில் 97 வாங்கியிருந்தால் ஆங்கிலப் பட்டியலின் உச்சியில் இருப்பார். காமர்ஸ் குரூப்பில் மொத்தம் குறைந்துவிட்டது என்று வீட்டார் புலம்புவது அந்தப் பட்டியலில் எங்கும் பதிவாகாது.

மருத்துவத்தில் வரிசையைத் தீர்மானிப்பது நீட். +2-வில் குறிப்பிட்ட அறிவியல் பாடங்களில் குறைந்தபட்சச் சதவீதம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல்நிலைத் தேர்வை எழுத +2 தேறியிருந்தால் போதும். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் தன் நுழைவுத் தேர்வைக் கொண்டு இளநிலை மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் அதில் அடக்கம். ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு சாவி. ஆறு பாடங்களின் மொத்தம் இவற்றில் எதற்கும் சாவி ஆகாது.

மொத்தம் எங்கும் கணக்கில் வராது என்று சொல்வதும் பொய்யாகிவிடும். ஜே.இ.இ. வழியாக என்.ஐ.டி.யிலோ ஐ.ஐ.டி.யிலோ சேர, பொதுப் பிரிவினர் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதமாவது பெற்றிருக்க வேண்டும், அல்லது தம் தேர்வு வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். இங்கே மொழிப்பாடமும் சேரும். கல்லூரி வளாகத்துக்கு ஆளெடுக்க வரும் மென்பொருள் நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பிலும் +2-விலும் பட்டப்படிப்பிலும் 60 சதவீதம் கேட்பது வழக்கம். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கப்படுவது ஒரு வாசல்படி உயரம்தான். அதைத் தாண்டியவர்களுக்குள் 80 சதவீதமா 90 சதவீதமா என்ற பேச்சு இல்லை. மேலே கண்ட 489 மொத்தக்காரர் இந்த இரண்டு படிகளையும் சுலபமாகத் தாண்டுகிறார்.

மிக முக்கியமான வாசல்படி 35. ஒரு பாடத்தில் அதற்குக் கீழே போனால் மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. பலவீனமான பாடத்தில் பெற்றோர் கவலைப்பட வேண்டிய எல்லை இதுதான்: தவறிவிடாதபடி, 60 சதவீத நிபந்தனைகளுக்கு இடையூறு ஆகாதபடி அந்தப் பாடத்தைத் தாங்கிப் பிடிப்பது. அப்படியே தவறினாலும் அந்த ஆண்டு போய்விடுவதில்லை. கோடையிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. தேர்வில் ஒரு பாடம் போய்விட்டது என்றதும் வீட்டில் இழவு விழுந்ததுபோல் நடந்துகொள்ளும் குடும்பங்கள் இந்தத் தகவலை முடிவு வருவதற்கு முன்பே அறிந்து வைத்திருப்பது பிள்ளையின் உயிருக்கே பாதுகாப்பு.

விதிகள் இவ்வளவு தெளிவாக இருக்க, நம்பிக்கை எப்படி உயிரோடிருக்கிறது? மாநிலத்தில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் கைவிட்டது. +2 மொத்தம் 1200-லிருந்து 600 ஆனதும் அந்த ஆண்டுச் சீர்திருத்தங்களின் தொடர்ச்சிதான். அரசு நிறுத்தியதைத் தனியார் பள்ளிகளின் பிளெக்ஸ் பேனர் தொடர்கிறது. 590, 588, 585 என்று படத்தோடு போட்டால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை பெருகும். பள்ளியின் விளம்பரத்துக்கு மொத்தம் தேவை. மாணவரின் கல்லூரிக்கு வேறொரு கூட்டல் தேவை. பெற்றோர் பள்ளியின் தேவையைத் தம் பிள்ளையின் தேவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதில் பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை; அது தன் வியாபாரத்தைப் பார்க்கிறது.

கேடு +2-வில் தொடங்குவதும் இல்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்பதைப் பல பள்ளிகள் 500-க்கு எடுத்த மொத்தத்தைக் கொண்டே தீர்மானிக்கின்றன. கணிதத்தில் 98, அறிவியலில் 96 எடுத்த பிள்ளை தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் மூன்றிலும் 65-ஐ ஒட்டி நின்றால் மொத்தம் 400-ஐத் தொடாது. "முதல் குரூப் காலியில்லை" என்று பள்ளி சொல்கிறது. பெற்றோர் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். கணிதம் இல்லாத குரூப்பில் போய் உட்கார்ந்த அந்தப் பிள்ளைக்குப் பொறியியலின் வழக்கமான பாதை பதினைந்து வயதில் அடைபடுகிறது. இந்த ஒரு நாளில் பெற்றோர் காட்ட வேண்டிய பிடிவாதம், அடுத்த இரண்டு ஆண்டு டியூஷன் செலவை விட மதிப்புள்ளது. தலைமையாசிரியரிடம் பாடவாரி மதிப்பெண்ணைக் காட்டி வாதாடலாம். வேறு பள்ளி தேடலாம். அரசு மேல்நிலைப் பள்ளியில் கேட்கலாம். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் இருக்கிறது. அதைத் தோற்றவர்களின் வழி என்று நினைப்பதும் இதே நம்பிக்கையின் கிளைதான்.

அடுத்தது டியூஷன். பிள்ளை எதில் மோசமோ அதற்கு டியூஷன் என்பது எல்லா வீட்டிலும் எழுதப்படாத சட்டம். முன்பு கண்ட 489 மொத்தக்காரர் தமிழில் 62-லிருந்து 82-க்கு உயர்ந்தால் கட்-ஆஃபில் கூடுவது பூஜ்யம். வேதியியலில் 95-லிருந்து 99-க்குப் போனால் இரண்டு கூடும். மேல்தட்டில் ஒரு கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குள்ளேயே நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்பதால், இந்த இரண்டு மதிப்பெண் கல்லூரியையே மாற்றிவிடும். பணமும் மாலை நேரமும் பூஜ்யத்துக்குச் செலவாகின்றன. அதைவிட மோசம், தனக்கு வராத பாடத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் பிள்ளை தனக்கு வரும் பாடத்தின் மீதும் நம்பிக்கை இழக்கிறது. 99 எடுத்தவரிடம் 62 பற்றி மட்டும் பேசும் வீட்டில், 99 ஒரு சாதனையாகவே பதிவாவதில்லை. தமிழ் தெரிய வேண்டாம், ஆங்கிலம் தெரிய வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மொழி வாழ்நாள் முழுவதும் வேண்டும். அதை வளர்க்கக் கோனார் உரையை மனப்பாடம் செய்ய வைக்கும் டியூஷன் எந்தக் காலத்திலும் உதவியதில்லை.

மதிப்பெண் மேடுபள்ளமாக இருப்பதற்குக் காரணம் தேடாமல் "சோம்பேறி" என்று தீர்ப்பெழுதுவதும் வழக்கமாகிவிட்டது. காரணங்கள் பல. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு மாறியவருக்குப் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் சறுக்கும். பள்ளியில் ஆண்டின் பாதிவரை வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்திருக்கலாம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் உண்டு. அங்கே படித்தவர் அடிப்படை தேவைப்படும் பாடத்தில் தடுக்கி விழுவார். எண்ணில் புலியாக இருந்து எழுத்தில் மட்டும் திணறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரிக்கிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் மருத்துவச் சான்றோடு விண்ணப்பிப்பவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து பரிசோதனைக்கே அழைத்துப் போகாத பெற்றோர், சட்டம் கொடுத்ததைப் பிள்ளையிடமிருந்து பறிக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு எதிர்ப்பாகக் கிளம்பும் இன்னொரு நம்பிக்கையும் ஏற்கத்தக்கதன்று. மதிப்பெண் வெறும் எண், ராமானுஜன்கூடத் தோற்றவர்தானே என்று ஆறுதல் சொல்லும் கூட்டம் அது. ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறி அதை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தேறவில்லை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பட்ட வறுமை ஊரறிந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியே ஆக வேண்டும் என்ற விதி ஒரு மேதையை எப்படி அலைக்கழித்தது என்பதற்கே அவர் வாழ்க்கை சாட்சி. மதிப்பெண் வேண்டாம் என்பதற்கு அதைச் சான்றாக்குவது புரட்டு. இன்றைய மாணவருக்குப் பாடவாரி வழிகள் திறந்திருக்கின்றன. அவற்றைக் கண்டுகொள்ளாமல் ராமானுஜன் படத்தைக் காட்டுவது சோம்பல்.

உண்மையான துணை நிற்பதற்கான காலம் தேர்வு முடிவுக்கும் கலந்தாய்வுக்கும் இடையிலான சில வாரங்கள். வலுவான பாடத்தில் எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைந்திருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். அதற்கு முதலில் விடைத்தாள் நகல் பெற வேண்டும், அவகாசமோ சில நாட்கள்தான். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவு, எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற விவரம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலிலும் மருத்துவத்திலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். கலந்தாய்வில் எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் இடம் ஒதுக்கப்படுவது மாணவர் எழுதிய வரிசைப்படி. வரிசை தவறினால் கிடைத்திருக்க வேண்டிய கல்லூரி கைநழுவும். சந்தேகம் தீர்க்க மாவட்டந்தோறும் உதவி மையங்கள் செயல்படுகின்றன.

195 கட்-ஆஃப் எடுத்த பிள்ளையின் விருப்பப் பட்டியலைப் பிரவுசிங் சென்டர்க்காரர் பத்து நிமிடத்தில் நிரப்பட்டும் என்று விட்டுவிட்டு, தமிழில் ஏன் 62 என்று அதே பிள்ளையை ஒரு மாதம் திட்டித் தீர்ப்பதற்கு அக்கறை என்று பெயர் வைக்க முடியாது.