கணினிக்குத் தாய்மொழி ஆங்கிலமன்று!

ஆங்கிலம் அறியாதவன் கணினியைத் தொடலாகாது என்னும் பொய்யுரை நம் நாட்டில் நெடுங்காலமாக உலவி வருகின்றது. படித்தவர் இதனைப் பெருமிதத்தோடு சொல்கின்றனர். படியாதவர் அச்சத்தோடு நம்புகின்றனர். தமிழ்வழியிற் பயிலும் பிள்ளைகளுட் பலர், 'இக்கருவி நமக்குரியதன்று' என்று தாமே ஒதுங்கி நிற்கின்றனர். இப்பொய்யுரையை வேரோடு களைந்தாலொழிய, தமிழன் தன் சொந்த மண்ணில் விளைந்த பொருளின் விலையைக்கூடப் பிறன் வாய்வழியாகவே கேட்டறிய வேண்டிய நிலை நீங்காது.

விலை என்று யாம் சொன்னது வெற்றுரையன்று. போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளையும் நோக்குக. விளைநிலம் பெரும்பாலும் கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குப் பன்னெடுங்காலமாகக் காய் பறித்து வருவோருள் தேனி மாவட்டத்துத் தமிழர் மிகப் பலர். பறித்து, உலர்த்தி, தரம் பிரித்த காய் விற்பனைக்காகப் போடிக்கு இறங்குகின்றது. முன்னாளில் வணிகர் ஓரிடத்திற் கூடி, மாதிரிக் காயை அள்ளிப் பார்த்து, வாய்விட்டு விலை கூறினர். நடுவணரசின் நறுமணப் பொருள் வாரியம் 2007ஆம் ஆண்டில் மின்னேல முறையைப் புகுத்தியது. இன்று வணிகர் திரைமுன் அமர்ந்து, விசையை அழுத்தி விலையை உயர்த்துகின்றனர். காயின் மணத்தை மூக்கே அறிய வேண்டும். கூவல் மட்டும் கம்பிவழிச் செல்கின்றது.

அவ்வேலக்கூடம் ஒன்றைக் கொண்டே கணினியின் இயல் முழுவதையும் விளக்கிவிடலாம். திரை, விசைப்பலகை, உள்ளிருக்கும் சில்லு, நினைவகம் என, கையால் தொடத்தக்கவை எல்லாம் வன்பொருள். 'முன் கேட்டதினும் மிகுத்துக் கேட்பதையே ஏற்க. இறுதியில் மிகுத்துக் கேட்டவர்க்கே சரக்கை முடிக்க' என்பன போன்ற கட்டளைகளின் தொகுப்பு மென்பொருள். கூடமும் இருக்கையும் வன்பொருளெனின், ஏல நெறி மென்பொருளாகும். நெறியில்லாத கூடம் வெறுங்கூடம். கூடமில்லாத நெறி வெறும் ஓலை.

இனி, ஒருவர் கேட்ட விலை ஏனையோர் திரையில் அந்நொடியே தோன்ற வேண்டும். அதன்பொருட்டுக் கணினிகளைக் கம்பியாலோ அலையாலோ பிணைப்பது வலைப்பின்னல். எல்லார் கேட்பையும் வாங்கி, ஒப்பிட்டு, மிக்கதைத் தெரிந்து, எல்லார்க்கும் திருப்பி வழங்கும் நடுக்கணினி, வழங்கி. ஓர் இடத்துப் பின்னலை உலகின் பிற பின்னல்களோடு வழிகாட்டி இணைக்கும் கருவி, திசைவி. இவ்வாறு கோக்கப்பட்ட பின்னல்களின் பெரும்பின்னலே இணையம். 2021ஆம் ஆண்டில் போடிக் கூடமும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடிக் கூடமும் முகில்வழி இணைக்கப்பட்டு, ஓரிடத்து ஏலத்தில் மற்றோரிடத்து வணிகரும் உடனிருந்து கேட்க வழி பிறந்தது. முகில் என்றவுடன் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டா. வேறோர் ஊரின் பெருங்கட்டடத்துள் அடுக்கி வைக்கப்பட்ட வழங்கிகளின் தொகுதியே அது; தொலைவிலிருந்து நாம் அதனை வாடகைக்கு ஆள்கின்றோம். அவ்வளவே.

இதில் எவ்விடத்தில் ஆங்கிலம் இன்றியமையாததாயிற்று? கணினி அடிப்படையில் அறிவன இரண்டே நிலைகள். மின்னோட்டம் உண்டெனின் 1, இல்லையெனின் 0. எழுத்தென ஒன்றையும் அஃது அறியாது. எழுத்துகளுக்கு எண் தந்தவர் மாந்தர். ஆங்கிலத்தின் பெரிய முதலெழுத்துக்கு 65 என்றும், நம் அகரத்துக்கு 2949 என்றும் எண் தரப்பட்டுள்ளது. கணினிக்கு இரண்டும் எண்களே. ஒன்று உயர்ந்ததுமில்லை, மற்றொன்று தாழ்ந்ததுமில்லை. 1963இல் அமெரிக்கர் தம் மொழிக்கென வகுத்த குறியீட்டில் 128 இடங்களே இருந்தன. பிற மொழிகள் வெளியே நின்றன. ஆங்கிலம் முன்னே அமர்ந்ததற்குக் கரணியம் இதுவே: கருவி செய்தவன் தன் மொழிக்கு முதலில் நாற்காலி இட்டுக்கொண்டான்.

நாம் வாளாவிருக்கவில்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தனர்; 1997இல் தமிழ் இணைய மாநாடு அங்கேயே கூடிற்று. 1999இல் சென்னையிற் கூடிய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை ஏற்கப்பட்டது. அதில் உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். மெய் இரட்டிக்குமிடத்துப் புள்ளி தானே விழும். தமிழின் இலக்கணமே விசையின் இலக்கணமாயிற்று!

ஆயினும் குறையொன்று உண்டு. மெய் முதல், அதனோடு உயிர் கூடியது உயிர்மெய் என்பது தொல்காப்பிய நெறி. ஒருங்குறியோ ககரவுயிர்மெய்யை முதலாக்கி, அதன்மேற் புள்ளி இட்டு மெய்யைப் பெறுகின்றது. மகளைத் தாயாக்கித் தாயை மகளாக்குகின்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்றது. உலக அவைகளில் நாம் உரிய வேளையில் உரத்துப் பேசாவிடின், நம் எழுத்தின் அமைப்பைக்கூடப் பிறரே முடிவு செய்வர் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

எண்ணும் விசையும் கிடைத்தன; சொல்? ஏலம் என்னும் சொல்லையே காண்க. காயைக் குறிக்கும் ஏலம் வேறு. கேட்பு விற்பனையைக் குறிக்கும் ஏலம் வேறு. பின்னது போர்த்துக்கேசியரோடு வந்தது. சாவியும் சன்னலும் அலமாரியும் அவர்வழி வந்தனவே. திறவுகோலும் பலகணியும் நம்மிடம் இருந்தும் அவற்றை மூலையிற் போட்டோம். 1916இல் மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதன் பின்னரே இவ்வுறக்கம் கலைந்தது. அவ்விழிப்பின் பயனாக, கணினி வந்தபோது கணினி, மென்பொருள், இணையம், மின்னஞ்சல், கடவுச்சொல் எனச் சொற்களை உடனுக்குடன் ஆக்கினோம். அவை பாடநூலிலும் நாளிதழிலும் வேரூன்றிவிட்டன.

சொல்லாக்கம் புலவர்தம் பொழுதுபோக்கு என்பார்க்கு ஒன்று சொல்வோம். 'ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று முகமறியாதவன் தொலைபேசியிற் கேட்கின்றான். மலையிலிருந்து மாலையில் இறங்கிய கூலித் தாய் அம்மூன்றெழுத்தின் பொருளறியாது எண்ணைச் சொல்லிவிடுகின்றாள். கணக்கில் இருந்த கூலி களவு போகின்றது. அதனையே 'ஒருமுறைக் கடவெண்' என்று கேட்டிருப்பின், 'கடப்பதற்குரிய எண்ணை இவனுக்கு ஏன் தர வேண்டும்?' என்னும் ஐயம் எழ வழியுண்டு. பொருள் விளங்கும் சொல் காவல்; பொருள் விளங்காச் சொல் திறந்த கதவு. ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் இவற்றைத் தமிழிற் சொல்லிவைக்க: திறன்பேசிவழிப் பணம் பெறுவதற்குக் கமுக்க எண்ணை இட வேண்டுவதில்லை, செலுத்துவதற்கே அது வேண்டும், வங்கியாளர் எவரும் கடவெண்ணைக் கேட்பதில்லை, ஏமாற்றப்பட்டவர் சற்றும் தாழாது 1930 என்னும் எண்ணுக்கு அழைத்து முறையிடலாம்.

உணர்வாளர்களே! மேடையில் முழங்குவது மட்டும் தமிழ்த்தொண்டாகாது. உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் கணினி ஒன்றைத் திறந்து வைத்து, 'தமிழ் 99' விசைப்பலகையைப் பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்றுக. நடுவணரசின் வாரியமாயினும் வங்கியாயினும், தமிழ் மண்ணில் வைக்கும் ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு செயலியிலும் தமிழ் இருத்தல் வேண்டும் என எழுத்துமூலம் கேட்க; மறுமொழி வரும்வரை விடாது கேட்க. உழவரும் தொழிலாளரும் தம் சரக்கின் விலையையும் தம் கூலியின் கணக்கையும் தம் மொழியில் தாமே படித்தறியும் நாளே, கணினி தமிழ்நாட்டுக்கு உண்மையாக வந்து சேர்ந்த நாள்.

இரண்டே நிலை அறிந்த கருவிக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்துடைய மொழி அஞ்சுவதா? எழுக! பயில்க! பயிற்றுக!