ஊசி மேல் ஒரு ரூபாய்

ஆம்பூர்ப் பக்கம் 'மைக் செட்' வைத்திருந்த வீடுகளின் பரணில் இன்னும் இசைத்தட்டுகள் கிடக்கின்றன. என் தாத்தாவும் கல்யாண வீடுகளுக்குக் குழாய் கட்டியவர்தான். போன வருஷம் அவர் பெட்டியை இறக்கி, ஊசி குதிக்குதே என்று தலைமேல் ஒரு ரூபாய்க் காசை ஒட்டி, இளையராஜா எல்.பி. ஒன்றை இருபது தடவையாவது போட்டிருப்பேன். இப்போது அதில் 'ஸ' வருகிற இடமெல்லாம் சீறல். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை உறையில் போட்டு வைத்துவிட்டார்.

காசு வைப்பது வைத்தியமே இல்லை என்பேன். இன்றைய கார்ட்ரிட்ஜ் பல கேட்பது சுமார் 2 கிராம். காசு மட்டுமே 3 கிராமுக்கு மேல்! கோளாறு வேறு இடத்தில். தட்டை வெட்டும் இயந்திரமும் ஒரு லேத்தான். அதன் ஊசி மையத்தை நோக்கி நேர்கோட்டில் போகும். வீட்டு டோன் ஆர்ம் ஒரு முனையில் சுழல்வதால் வில்லாகத்தான் போகும். தலையைச் சற்று உள்பக்கம் திருப்பி, ஊசி மையக் கம்பியைத் தாண்டி நீளும்படி வைத்தால் இரண்டே இடங்களில் பிழை பூஜ்யமாகும். லோஃப்கிரென் 1938இலும் பேர்வால்ட் 1941இலும் போட்ட கணக்கு இது. பேர்வால்ட் கணக்கில் 12 அங்குலத் தட்டுக்கு அவை மையத்திலிருந்து 66, 121 மி.மீ.

திருகு இரண்டையும் அரைகுறையாக முடுக்கி, எடையைத் தோராயமாக வைத்து, அந்த இரு புள்ளிகள் குறித்த அட்டைமேல் ஊசியை இறக்குங்கள். ஊசி பிடிக்கும் மெல்லிய தண்டு இரண்டிலும் கோட்டுக்கு இணையாக நிற்கும்வரை கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே நகர்த்தணும். அப்புறம் முடுக்கி, எடையை மறுபடி பாருங்கள். அட்டையைப் பிரிண்ட் எடுத்தால் ஸ்கேலால் அளக்காமல் நம்பாதீர்கள். தாளுக்குள் அடக்குகிறேன் என்று பிரிண்டர் சுருக்கிவிடும். என் முதல் அட்டை அப்படித்தான் கெட்டது.

நம்ம ஊராச்சே, தட்டுக்கு அடியில் தோல் போடாமல் இருப்போமா? ஒரு நண்பன் 4 மி.மீ. அடித்தோலை வட்டமாக வெட்டிப் போட்டான். 230 மி.மீ. ஆர்மில் அது ஊசியின் சாய்வை 1 டிகிரி மாற்றும்! ஆர்மையும் அதே அளவு உயர்த்தணும். மலிவான பெட்டிகளில் அந்த வசதி கிடையாது. ஷூ மேல்தோலே போதும், பெரிதாக மாறாது.

'போனில் எல்லாப் பாட்டும் வருதே' என்பார்கள். வரட்டும். தாத்தா பென்சிலால் கல்யாணத் தேதி எழுதிய உறை போனில் வராது. இந்தியாவிலேயே 2024இல் மறுபடி தட்டு அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பொருத்தத் தெரிந்த கைதான் குறைவு. வெர்னியர் பிடிக்கிற நமக்கு இது பெரிய வேலையா?

ஆகவே மாணவர் சங்கம் லேபில் ஒரு கோண அட்டையும், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசும் வாங்கி வைக்க வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை ஊர்க்காரர்கள் பெட்டியைத் தூக்கி வரட்டும். தராசு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. என் பங்கு நூற்றியொரு ரூபாய். அந்த ஒரு ரூபாய் எந்தக் காசு என்று சொல்ல வேண்டியதில்லை.

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்