சாக்கடையும் பாடம்தான்

பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை வந்தபின் மாணவர்களுக்கு ஆவணப்படம் காட்டுவது எளிதாகிவிட்டது. சந்திரயான் காட்டுகிறார்கள், காட்டு யானை காட்டுகிறார்கள். நல்லதுதான். நம் தெருவுக்கு அடியில் ஓடுவதைக் காட்டும் படம் மட்டும் அந்தத் திரைக்கு ஏன் வருவதில்லை?

2024 ஜூன் 11 அன்று, கோரிமேட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாள சாக்கடை விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பேரைக் கொன்றது. ஒருவர் 15 வயது மாணவி. புதுச்சேரியே அதிர்ந்தது, அதிர வேண்டியதுதான். ஆனால் அதே வாயுவுக்குள் ஆளை இறக்கிவிட்டு, மேலே கயிற்றைப் பிடித்து நிற்பது இந்த நாட்டில் எத்தனை கால வழக்கம்! அந்தச் சாவுகளுக்கு எந்த ஊர் அதிர்ந்தது?

திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் இதைத்தான் கேட்டது. மலம் அள்ளுவோரும், குழிக்குள் இறங்கியவரை இழந்த குடும்பத்தாரும் அதில் தாங்களே பேசுகிறார்கள். திரையிடலுக்குத் தடைகள் வந்தன. பிறகு யூடியூபில் எல்லோரும் பார்த்தார்கள்.

வேதியியல் ஆசிரியர் இதை வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் மேலே வருவதில்லை. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் குழியின் அடியிலேயே தேங்கி நிற்கும். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சாவது இதனால்தான். சமூக அறிவியல் ஆசிரியருக்கு 2013ஆம் ஆண்டின் தடைச் சட்டம் இருக்கிறது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் உயர்த்திய 2023 அக்டோபர் தீர்ப்பும் இருக்கிறது. இறக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் தலித்துகளாக இருப்பது ஏன் என்று ஒரு மாணவி கேட்டால், ‘சாதி’ என்ற சொல்லை விழுங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

“பிள்ளைகள் மனம் புண்படாதா?” என்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை? அம்மாவோ தாத்தாவோ அந்த வேலையைச் செய்யும் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். படம் ஓடும்போது மற்றவர்கள் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தால் எல்லாம் கெட்டது. இறக்கிவிட்டவர்களுக்குத்தான் வெட்கம் வேண்டும் என்று ஆசிரியர் முன்னதாகவே பேசிவிட வேண்டும். அதற்குத் துணியாதவர் படத்தைப் போடாமலிருப்பதே மேல். சிறு வகுப்புகளுக்கு இந்தப் படம் வேண்டாம், சவங்கள் வரும் காட்சிகள் உண்டு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குத் தேர்ந்த பகுதிகள் போதும்.

முதலில் ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒருமுறை முழுப் படத்தையும் பார்க்கட்டும். பார்த்த கையோடு, தங்கள் பள்ளிக் கழிவறையை யார் கழுவுகிறார்கள், அவருக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று போய்ப் பார்க்கட்டும்.