எஸ்.ஐ.பி. தொடங்குற வயசுலயே கொலஸ்ட்ரால் டெஸ்ட்டும் எடுங்க

மாசம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. 25 வயசுல ஆரம்பிச்சு 60 வரைக்கும் போட்டா, வருஷம் 12 சதவீதம் கிடைக்கும்னு வச்சுக்கிட்டா, கையில் சுமார் 3.25 கோடி. அதையே 35 வயசுல ஆரம்பிச்சா சுமார் 95 லட்சம்தான். இந்தக் கணக்கு நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். இதே கூட்டு வட்டி நம்ம ரத்தக்குழாய்லயும் ஓடுது, ஆனா அங்க அது நமக்கு எதிரா ஓடுது.

கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்.டி.எல். ஒரே நாள்ல அடைப்பு உண்டாக்காது. வருஷக்கணக்கா, கொஞ்சம் கொஞ்சமா ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள படியும். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதிச்ச ஆய்வு 1953-ல் வெளியாச்சு. அவங்க சராசரி வயசு 22. அப்பவே நாலில் மூணு பேருக்கு மேல இதய ரத்தக்குழாய் நோயின் அடையாளம் இருந்தது.

சீக்கிரம் கவனிச்சா எவ்வளவு லாபம்? பிறவியிலேயே எல்.டி.எல். குறைவா இருக்கிறவங்களோட மரபணுக்களை வச்சு 2012-ல் ஒரு ஆய்வு வந்தது. எல்.டி.எல். சுமார் 39 புள்ளி குறைவா வாழ்நாள் முழுக்க இருந்தா, இதய நோய் ஆபத்து பாதிக்கு மேல குறையுது. அதே 39 புள்ளியை வயசான பிறகு மாத்திரை மூலமா சில வருஷம் குறைச்சா, ஆபத்து குறையறது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதுவும் நல்ல லாபம்தான், மாத்திரை வேண்டாம்னு சொல்லலை. ஆனா 35-ல் ஆரம்பிச்ச எஸ்.ஐ.பி. மாதிரி, தாமதத்துக்கு விலை உண்டு.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கினது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வருது. அது அம்மா அப்பாவுக்கான விஷயம்னு நினைச்சுட்டு, மத்தூர்ல கம்பெனி பஸ் ஏறி போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர்னு நாம வேலைக்குப் போயிடறோம். பிரேக்ல பப்ஸ், டீயோட பஜ்ஜி, நைட் ஷிஃப்ட் முடிஞ்சா பரோட்டா. ஒவ்வொண்ணும் சின்னத் தொகைதான். மாசாமாசம் தவறாம கட்டறோம், அதான் பிரச்சினை.

இதுக்கு மாற்று, விலை ஜாஸ்தியான ஓட்ஸ் பாக்கெட்டோ ஆலிவ் எண்ணெயோ இல்லை. நம்ம பக்கத்து ராகிக் களி, கீரை, கொள்ளு, அவரை, வேர்க்கடலை போதும். நார்ச்சத்து எல்.டி.எல்.லைக் குறைக்க உதவும். வனஸ்பதி, பாமாயில், திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் இதையெல்லாம் குறைங்க. மைதாவும் சர்க்கரையும் ஜாஸ்தியானா டிரைகிளிசரைடு ஏறும்.

ஆனா சாப்பாடு மட்டும் எல்லாத்தையும் சரி பண்ணிடாது. உடம்புல இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம்ம உடம்பேதான் தயாரிக்குது. மரபு காரணமா ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் அளவு ஏறலாம். வெளியில எந்த அறிகுறியும் தெரியாது. அதனாலதான் டெஸ்ட் எடுக்கச் சொல்றேன்.

இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் லிப்பிட் டெஸ்ட்டை 18 வயசுலயே எடுக்கச் சொல்லுது. குடும்பத்துல சின்ன வயசுல மாரடைப்பு வந்தவங்க இருந்தா இன்னும் முன்னாடியே எடுக்கணும். வெறும் வயிறா இருக்கணும்னு அவசியமில்லை, ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்கு இது வசதி. ஆபத்து குறைவா உள்ளவங்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ, சுகர், பி.பி. இருந்தா 70-க்குக் கீழ. ரிப்போர்ட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க, யூடியூப் பார்த்து மாத்திரை போடாதீங்க.

செலவு சில நூறு ரூபாய்தான். பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு, மருத்துவக் காப்பீட்டுக் கழிவுக்குள்ளேயே தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம். புது முறையில அந்தச் சலுகை இல்லை. அதுக்காகத் தள்ளிப்போடாதீங்க. 45 வயசுல, வீட்டுக் கடன் பாதி கட்டியிருக்கும்போது மாரடைப்பு வந்தா, ஆஸ்பத்திரி பில்லை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கலாம். வேலைக்குப் போக முடியாத மாசங்களோட சம்பளத்தை அது தராது.

அடுத்த சம்பளம் வந்ததும் எஸ்.ஐ.பி. போற அதே வாரத்துல டெஸ்ட்டையும் முடிச்சிடுங்க.