காசு நகையின் வயதைச் சொல்லுமா?

பழைய தாஜிக் வெள்ளி நகைகளைச் சேகரிப்பவர்களிடையே ஒரு குறுக்குவழி ஊன்றிப்போயிருக்கிறது. தொங்கும் காசில் உள்ள ஆண்டே நகையின் ஆண்டு, வெள்ளி கறுத்திருந்தால் பழசு, இன்றைய தாஜிகிஸ்தானில் செய்ததுதான் தாஜிக் நகை என்கிறார்கள். மூன்றுமே தவறு, முதலாவதுதான் அதிகம் கெடுக்கிறது. தொழிலாளியும் உழவரும் பொறித்த 1924ஆம் ஆண்டு சோவியத் ரூபிள், 90 விழுக்காடு வெள்ளி. அது கழுத்தணியில் தொங்கினால், 1924க்குப் பிறகு யாரோ அதைக் கோத்தார்கள் என்பது மட்டுமே உறுதி. நடுவிலுள்ள தூமார், அதாவது பிரார்த்தனைச் சீட்டைச் சுருட்டி வைக்கும் வெள்ளிக் கூடு, அதற்கு இரண்டு தலைமுறை முந்தியதாக இருக்கலாம். காசே கூடப் பல ஆண்டு கழித்து ஏறியிருக்கலாம். எனவே ஆண்டைவிடத் துளையைப் பாருங்கள். நெடுங்காலம் தொங்கிய காசில், பாரம் இழுத்து இழுத்துத் துளையின் மேல்விளிம்பு தேய்ந்து நீண்டிருக்கும். அதில் உரசிய வளையமும் அந்த இடத்தில் மெலிந்திருக்கும். அண்மையில் போட்ட துளை வட்டம் குலையாமல், விளிம்பு கூராக இருக்கும். பவளமணியின் துளைவாயிலும் இதே தேய்மானத்தைத் தேடலாம். கறுப்பை நம்பவே கூடாது: கந்தகக் கரைசலில் முக்கினால் புது வெள்ளியும் சில நிமிடங்களில் கறுத்துவிடும்.

ஊர் விஷயத்தில் வரைபடம் ஏமாற்றுகிறது. தாஜிக் மொழி வழங்கிய பெரிய கைவினை நகரங்களான புகாராவும் சமர்கந்தும் 1924 எல்லைப் பிரிப்பில் உஸ்பெக் குடியரசுக்குள் போயின. குஜந்த் 1929இல்தான் தாஜிக் குடியரசோடு சேர்ந்தது. அதற்கு முன் செய்த நகையை இந்தக் கோடுகளால் பிரிப்பதில் பொருளே இல்லை. பட்டறை இருந்த நகரையும் அணிந்த சமூகத்தையும் தனித்தனியே குறிப்பதுதான் நேர்மை.

முத்திரையோ ஆவணமோ பெரும்பாலும் கிடைக்காதபோது காசையும் கைவிட்டால் எதைப் பிடிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காசைக் கைவிட வேண்டாம். அந்த ஆண்டை அது தொங்கும் பகுதிக்கு மட்டும் கீழெல்லையாகக் கொள்வோம். அப்படியானால் பாதி நகைகள் கலப்படம் ஆகிவிடுமே என்பது அடுத்த தடை. வாரிசாக வந்த நகையைப் பிரித்து, புதுமணி சேர்த்து, மறுபடி கோத்து அணிவது மோசடி அல்ல. அதுதான் அந்த நகையின் வாழ்க்கை. விற்பதற்காகப் பழசுபோல் ஒட்டிச் சேர்த்ததுதான் மோசடி. அதில் பகுதிகள் உரசும் இடங்களில் தேய்மானம் பொருந்தாது. பட்டியலில் ஒற்றை ஆண்டுக்குப் பதிலாக ‘தூமார்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, காசுத் தொங்கல்: 1924க்குப் பின்’ என்று இரண்டு வரி எழுதினால் போதும்.